சான்றளிக்கப்பட்ட சுமார்

தங்கைக்குத் திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை. யாரோ ஜன்னலுக்கு அளவெடுத்து வருவார்கள். இவள் துணியை வெட்டி, ஓரம் மடித்து, வளையம் கோத்துக் கொடுப்பாள். அக்காவுக்கு வேறு ஊரில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. வானத்துக்கும் தரைக்கும் நடுவே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, லாரி அளவு பெட்டிகளை முட்டை அடுக்குவதுபோல் கப்பலில் இறக்கி வைப்பாள். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் கைத்திறமை முழுவதையும் மூத்தவளே வாரிக்கொண்டு வந்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் சொல்வதுண்டு. தங்கை அதை மறுத்துப் பேசியதில்லை.

இருவருக்கும் போனில் பேச வராது. "சாப்பிட்டியா?" "ஆச்சு. நீ?" "ஆச்சு." அதற்குமேல் இரண்டு பக்கமும் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்கும். ஆனால் 'அகழிக்கோட்டை' என்கிற இணைய விளையாட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். கண்ணும் கையும் வேறு வேலையில் இருந்தால் நாக்குக்குக் கூச்சம் விட்டுப்போகிறது போலும். அத்தான் பிரிந்துபோன சேதியைக்கூட அக்கா அங்கேதான் சொன்னாள்.

"அவர் பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டார்டி. இனிமே வரமாட்டாராம். உன் இடது பக்கம் ஒருத்தன் வர்றான் பாரு."

"ஐயோ அக்கா! எப்ப?"

"இப்பதான்டி, ஏணி வச்சு ஏறிக்கிட்டிருக்கான்!"

விளையாட்டு ஒன்றும் பெரிய கம்பசூத்திரமில்லை. ஒரு கோட்டை, சுற்றிலும் அகழி, இரண்டு அணி. அம்பு விட்டுக்கொண்டே சுவரேறி, தொங்குகிற பலகைகளைத் தாண்டி, உச்சியில் இருக்கும் கொடியைப் பறிக்க வேண்டும். அக்கா ஓடிவந்தால் எதிரணியில் பாதிப்பேர் ஒளிய இடம் தேடுவார்கள். தங்கை ஓடினால் அகழியில் விழுவாள். அடிபட்டு விழுவதும் உண்டு, யாருமே தொடாமல் விழுவதும் உண்டு. விழுந்தால் மறுபடி கரையேறி அக்கா பின்னாலேயே ஓடுவாள். வேலை முடிந்து வந்த சாயங்காலங்களெல்லாம் இப்படிச் சந்தோஷமாகவே போய்க்கொண்டிருந்தன.

இந்த விளையாட்டை நடத்துகிற நிறுவனத்துக்கு ஒரு கவலை வந்தது. கத்துக்குட்டிகள், "எப்பப் பார்த்தாலும் அடி வாங்குறோம்" என்று புலம்பினார்கள். வல்லவர்கள், "எங்களுக்குச் சமமா ஒருத்தனும் இல்லை" என்று கொட்டாவி விட்டார்கள். இரண்டு தரப்பையும் திருப்திப்படுத்த 'சமநிலை ஆணையம்' என்று ஒன்றை அமைத்தார்கள். அதில் வல்லவர்களுக்கு ஒரு பிரதிநிதி, சராசரி ஆட்டக்காரர்களுக்கு ஒரு பிரதிநிதி. லட்சக்கணக்கான ஆட்டங்களை அலசிப் பார்த்ததில், துளி மேலுமில்லாமல் துளி கீழுமில்லாமல் நட்டநடுவில் நின்றவள் தங்கைதான் என்று தெரியவந்தது. அவள் ஊரிலேயே அவர்களுடைய அலுவலகம் இருந்தது. கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல் நாள் அவளைச் சோதித்தார்கள். அம்பு விடச் சொன்னார்கள். பாதி பட்டது, பாதி படவில்லை. பலகைமேல் ஓடச் சொன்னார்கள், விழுந்தாள். மூக்குக்கண்ணாடி போட்ட புள்ளிவிவர அதிகாரி அம்மாள் கண் கலங்கிவிட்டார்.

"இவ்வளவு சுத்தமான சுமாரை நான் என் சர்வீஸ்லயே பார்த்ததில்லை."

'இவர் சுமார் என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது' என்று அச்சடித்து, சட்டம் போட்டு, கைதட்டிக் கொடுத்தார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் சொன்னார் அதிகாரி அம்மாள்.

"வீட்ல பயிற்சி எதுவும் எடுத்துக்கக் கூடாது. நீங்க தேறிட்டீங்கன்னா பதவி போயிடும்."

கடை முதலாளி சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம கடையில சுமாரா தைச்சா நான் சீட்டைக் கிழிச்சு அனுப்புவேன். அங்க கைதட்டி அனுப்புறாங்களா?" என்று கேட்டார். அன்று முழுக்க அவள் தைத்த மடிப்புகளைச் சந்தேகத்தோடேயே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும்தான் உள்ளபடியே சந்தோஷப்பட்டாள். "போடி, போய்ப் பேசு. நம்மள மாதிரி ஆளுங்க பேச்சையும் கேக்கணும்னு அவங்களுக்குத் தோணிச்சே" என்றாள்.

ஆணையத்தின் அறையில் எல்லாமே சமநிலையாக இருந்தது. தேநீர் பாதிச் சர்க்கரையோடு வந்தது. சர்க்கரை வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ஒரே மாதிரி முகம் சுளித்துக் குடித்தார்கள். வல்லவர்களின் பிரதிநிதியாக வந்திருந்தவன் 'கழுகு' என்ற பட்டப்பெயர் கொண்ட நெட்டையன். நாடுகளுக்கிடையிலான போட்டிகளில் கோப்பை வாங்கியவன். மணிக்கட்டில் எப்போதும் பட்டி சுற்றியிருப்பான். அவன் தலையும் தங்கையின் தலையும் ஒரே உயரத்தில் தெரியும்வரை இருவர் நாற்காலிகளையும் ஏற்றி இறக்கினார்கள். முடிவில் அவன் முழங்கால் தாடையில் இடித்தது. அவள் கால் தரையில் எட்டவில்லை. "இப்ப சரியா இருக்கு" என்றார் ஆணையத்தின் தலைவர்.

தலைவர் நன்றாகப் பேசுவார். பேச ஆரம்பித்தால் அவருக்கே நிறுத்த வராது.

"அன்பர்களே, சாதாரண ஆட்டக்காரன் ரெண்டு தடவை தோத்தா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பான். மூணாவது தடவையும் தோத்தான்னா கம்ப்யூட்டரை அணைச்சிட்டுப் பெண்டாட்டி பிள்ளைங்களோட பேசப் போயிடுவான். இந்த அநியாயத்தைத் தடுக்கணும். வல்லவன் இருக்கானே, அவன் ஜெயிச்சுக்கிட்டே இருந்தான்னா அலுத்துப்போய்ப் படுத்துத் தூங்கிடுவான். அதையும் தடுக்கணும். இவன் குடும்பத்துக்கிட்டப் போகக் கூடாது, அவன் கட்டிலுக்குப் போகக் கூடாது. இதுக்குப் பேருதான் அன்பர்களே, சமநிலை."

எல்லோரும் அளவாகக் கைதட்டினார்கள். தங்கைக்குத் தான் கேட்டதில் ஏதோ பிசகு இருப்பதுபோல் தோன்றியது. ஆனால் மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்ததால், தனக்குத்தான் புரியவில்லை என்று அவளும் தலையாட்டி வைத்தாள். சுமாரானவர்களுக்கு எல்லாமா புரிந்துவிடும்?

அதன்பிறகு வாராவாரம் கூட்டம். வில்லைப் பற்றி ஒரு கூட்டம் முழுக்க விவாதித்தார்கள். வில் பலமாக இருந்தால் வல்லவன் எல்லோரையும் கொன்றுவிடுகிறான். பலவீனமாக இருந்தால் சாதாரணவன் யாரையும் கொல்வதில்லை. கடைசியில் வில்லை அப்படியே விட்டுவிட்டு, அதன் பெயரை மட்டும் 'அனைவருக்குமான வில்' என்று மாற்றத் தீர்மானித்தார்கள். இன்னொரு கூட்டத்தில், அகழியில் விழுகிறவர்கள் மனம் நோகாமலிருக்க என்ன செய்யலாம் என்று யோசித்தார்கள். அடுத்த நாளிலிருந்து விழுந்தவுடன் மேளம் கொட்டி, 'அருமையாக விழுந்தீர்கள்!' என்று திரையில் எழுத்து வந்தது. அக்கா சிரித்த சிரிப்பில் தங்கை ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒரு கூட்டத்தில் அதிகாரி அம்மாள் அவளிடம் நேராகவே கேட்டார். "வல்லவங்களோட சேர்ந்து ஆடும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்? மனசு விட்டுச் சொல்லுங்க."

இவ்வளவு மரியாதையாக அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. தங்கை மனசு விட்டே சொன்னாள்.

"கஷ்டமாத்தான் இருக்கும் மேடம். எங்க அக்கா ரொம்ப நல்லா ஆடுவா. அவ வேகத்துக்கு என்னால ஓட முடியாது. ஆனா நான் ஜெயிக்கறதுக்காகவா ஆடுறேன்? அவ கூட இருக்கான்னுதான் ஆடுறேன். விழுந்தா நின்னு கூட்டிக்கிட்டுப் போவா. அதை மட்டும் மாத்திடாதீங்க."

"கஷ்டமாத்தான் இருக்கும், வேகத்துக்கு ஓட முடியாது" என்று முணுமுணுத்தபடி அதிகாரி அம்மாள் தட்டச்சு செய்துகொண்டார். அப்புறம் விரல்களை எடுத்துவிட்டுப் புன்னகையோடு மீதியைக் கேட்டார்.

இதற்கு நடுவில் ஒரு அதிசயம் நடந்தது. தங்கை ஜெயிக்க ஆரம்பித்தாள். பயிற்சி எடுக்கவில்லை, ஆணையத்துக்குக் கொடுத்த வாக்கை அவள் மீறவில்லை. ஆனாலும் அம்புகள் பட்டன. பலகைகள் காலுக்கு வாகாக வந்தன. இத்தனை காலம் விழுந்து விழுந்தே கை பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளையாட்டாக இருவரும் எதிரெதிர் அணியில் சேர்ந்தார்கள். சுவரின் உச்சியில் அக்கா நின்றாள். தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டு அம்பை விட்டாள். அக்கா சரிந்தாள். தங்கை தட்டுத்தடுமாறி ஓடிக் கொடியைப் பறித்தாள்.

ஹெட்போனில் அக்கா போட்ட கூச்சலில் துறைமுகமே திரும்பிப் பார்த்திருக்கும். "என் தங்கச்சிடா! என்னையே அடிச்சிட்டாடா! என் தங்கச்சிடா!"

மறுநாள் கடையில் தங்கை பூப்போட்ட திரைச்சீலை ஒன்றைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். முதலாளி கத்தியது அவள் காதில் ஏறவேயில்லை. பிரித்துத் தைக்கும்போதும் முகத்தில் சிரிப்பு நின்றபாடில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாளிடம்கூட, "நேத்து நான் எங்க அக்காவை ஜெயிச்சிட்டேன்" என்று சொன்னாள்.

அடுத்த வாரமே ஆணையம் அறிவிப்பு வெளியிட்டது. இனி அகழிக்கோட்டையில் மேல்தளம், கீழ்த்தளம் என்று இரண்டு உலகங்கள். வல்லவர்கள் மேலே, மற்றவர்கள் கீழே. ஒரு தளத்தில் இருப்பவர் இன்னொரு தளத்தில் இருப்பவரோடு ஆடவோ பேசவோ முடியாது. அறிவிப்பின் உச்சியில், பெரிய எழுத்தில், ஒரு வாசகம் போட்டிருந்தார்கள். 'வல்லவர்களோடு ஆடுவது கஷ்டமாத்தான் இருக்கும். எங்க அக்கா வேகத்துக்கு என்னால ஓட முடியாது. — சராசரி ஆட்டக்காரர் பிரதிநிதி.'

அக்கா போன் செய்தாள்.

"கஷ்டமா இருந்துச்சுன்னா எங்கிட்டயே சொல்லியிருக்கலாமேடி."

"அக்கா, நான் அப்படிச் சொல்லலை. சொன்னேன், ஆனா அதோட நிறுத்தலை."

"வேகத்தைக் குறைச்சிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டணுமா?"

"அவங்க வெட்டிட்டாங்கக்கா! மீதியை வெட்டிட்டாங்க!"

"சரி. சாப்பிட்டியா?"

"ஆச்சு."

அக்கா போனை வைத்துவிட்டாள். தங்கை ஆணையத்துக்கு ஓடினாள். தலைவர் அவளைப் பொறுமையாக உட்காரவைத்தார்.

"பாருங்கம்மா, நீங்க சொன்னதுல முதல் பாதி சாதாரண ஆட்டக்காரரோட கருத்து. பின்பாதி உங்க சொந்தக் கருத்து. சொந்தக் கருத்து சொல்றதுக்கு உங்களை நாங்க நியமிக்கலையே."

அந்தச் சாயங்காலம் கீழ்த்தளத்தில் தங்கை தனியாக ஆடி, எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தாள். வாழ்த்துச் சொல்ல யாருமில்லை.

அக்காவுக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போய்விடும். ஆற அமர யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். மேல்தளத்தில் தொடர்ந்து தோற்றால் கீழ்த்தளத்துக்குத் தள்ளிவிடுவார்கள் அல்லவா? தோற்க ஆரம்பித்தாள். அது அத்தனை லேசான காரியமாக இல்லை. "கிரேன்ல இத்தனை வருஷத்துல ஒரு பெட்டியைக் கீழ போட்டதில்லைடி. இந்தக் கை விழ மாட்டேங்குது. விழறதுக்குப் படாத பாடு பட்டுக்கிட்டிருக்கேன்" என்று ஒரு நாள் போனில் சொன்னாள். எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்து விழுந்து, கடைசியில் ஒரு நாள் கீழ்த்தளத்து வாசலில் வந்து நின்றாள்.

"வந்துட்டேன்டி."

தங்கை மூக்கை உறிஞ்சினாள். "இடது பக்கம் பாருக்கா, ஒருத்தன் வர்றான்" என்று மட்டும் சொன்னாள்.

ஆணையத்தின் கண்ணில் இது படாமல் போகுமா? கூடிய சீக்கிரமே அக்காவுக்கு அழைப்பு வந்தது. குற்றம்: திறமையை ஒளித்தல். நிரூபணமானால் அகழிக்கோட்டையிலிருந்து நிரந்தர நீக்கம். விசாரணைக் குழுவில் வழக்கம்போல் வல்லவர் ஒருவரும் சராசரி ஒருவரும் உட்கார வேண்டும் என்பது விதி. ஆகவே தங்கையையும் உட்காரவைத்தார்கள். "சொந்த அக்கா ஆச்சே" என்று அவள் சொன்னதற்கு, "விதியில அக்காவைப் பத்தி ஒண்ணும் இல்லை" என்றார் அதிகாரி அம்மாள்.

அக்கா சுவரிலிருந்த பெரிய திரையில் தெரிந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் துறைமுகக் கேன்டீனிலிருந்து பேசினாள். தலையில் மஞ்சள் ஹெல்மெட் அப்படியே இருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தோற்கிறது ஒரு உரிமை அன்பர்களே. ஆனா அது எல்லாருக்கும் கிடையாது. யார் எப்பத் தோற்கணும்னு முடிவு பண்ண ஒரு ஆணையம் இருக்கறப்ப, ஒரு தனி நபர் தன் இஷ்டத்துக்குத் தோற்கலாமா? நாளைக்கு எல்லாரும் இப்படிக் கிளம்பினா ஜெயிக்கிறதுக்கு ஆளுக்கு எங்க போறது?"

பிறகு அக்கா மேல்தளத்தில் கடைசியாக விழுந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார்கள். சங்கிலியில் தொங்குகிற ஒரு பலகை. அதன்மேல் அக்கா நடந்து வந்து, யாரும் தள்ளாமலே அகழிக்குள் போய் விழுந்தாள். மேளம் கொட்டியது.

"இதுல சந்தேகத்துக்கு இடமே இல்லையே" என்றான் கழுகு.

"இருக்கு" என்றாள் தங்கை. எட்டாத காலை உதைத்து நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டாள். "அந்தப் பலகையில நானும் அப்படித்தான் விழுவேன். என்னை யாரும் தள்ளவே வேண்டாம். நான்தானே இங்க சாதாரண ஆட்டக்காரி? நான் விழற இடத்துல எங்க அக்கா விழுந்தா அது குத்தமா?"

திரையில் அக்காவின் முகம் மலர்ந்தது. தலைவர் யோசித்தார். "நியாயமான கேள்வி. அப்ப விழுந்து காட்டுங்க."

அவள் முன்னால் கம்ப்யூட்டரை வைத்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக, அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். தங்கை பலகையின் விளிம்புக்கு ஓடி, வெற்றுவெளியில் காலை வைத்தாள். பலகை ஊஞ்சல்போல் ஆடி வந்து காலடியில் நின்றது. திரும்பி மறுபக்கம் குதித்தாள். எங்கிருந்தோ காற்றடித்து அவளைத் தூக்கிப் படிக்கட்டில் விட்டது. சரி, அடிபட்டாவது சாகலாம் என்று எதிரிகள் நடுவில் போய் நின்றாள். அம்புகள் அவள் தலையை வளைத்துக்கொண்டு போயின. இரண்டு கையையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் அவள் உருவம் சும்மா நின்றது. அதை வெட்ட ஓடிவந்தவன் கால் இடறி அகழியில் விழுந்தான். கோட்டை உச்சியிலிருந்த கம்பம் மெல்லச் சாய்ந்து, கொடியை அவள் தோளில் கொண்டுவந்து வைத்தது.

'வாழ்த்துகள்! உங்கள் திறமைக்குக் கிடைத்த வெற்றி!'

அதிகாரி அம்மாள் பெருமை தாங்காமல் முன்னால் வந்தார். "எவ்வளவு அழகா வேலை செய்யுது பார்த்தீங்களா சார்! இதுதான் 'அரவணைப்பு'. சாதாரண ஆட்டக்காரங்களுக்கு அம்பு குறிப் பக்கமா ஒரு விரல் சேர்ந்து போகும். வல்லவங்களுக்கு 'அடக்கம்'னு ஒண்ணு வச்சிருக்கோம், அவங்களுக்கு ஒரு விரல் தள்ளிப் போகும். பிரதிநிதிங்கறதால இவங்களுக்குக் கொஞ்சம் தாராளமாவே வச்சிருக்கோம்."

"எப்பலேர்ந்து?" என்றாள் தங்கை.

"சான்றிதழ் குடுத்த நாள்லேர்ந்தே. பிரதிநிதி மனசு விட்டுப் போயிடக் கூடாதில்ல?"

கழுகு மணிக்கட்டுப் பட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான். "எனக்கும் அந்த அடக்கத்தைத்தானே வச்சிருக்கீங்க?"

அதிகாரி அம்மாள் தலைவரைப் பார்த்தார். தலைவர் அன்போடு அவன் தோளைத் தட்டினார். "உங்களுக்கும் அரவணைப்புதான் தம்பி. ரசிகர்கள் அண்ணாந்து பார்க்க ஒருத்தர் வேணுமில்ல? உங்களைப் போட்டோவுல பார்த்தா வல்லவர் மாதிரியே இருந்தீங்க."

கழுகு முழங்கால்களுக்கு நடுவே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. சான்று பெற்ற சாதாரண ஆட்டக்காரரே எவ்வளவு முயன்றும் அந்த இடத்தில் விழ முடியவில்லை. ஆகவே அங்கே விழுந்தவர் வேண்டுமென்றேதான் விழுந்திருக்கிறார். அக்கா நிரந்தரமாக நீக்கப்பட்டாள். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். திரை அணைந்துவிட்டது.

தங்கை எழுந்து நின்றாள். "எனக்கு இந்தப் பதவி வேண்டாம். விலகிக்கிறேன். ஏன்னும் எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்."

"அப்படியெல்லாம் பண்ண முடியாதும்மா" என்றார் அதிகாரி அம்மாள், நிஜமான அக்கறையோடு. "காரணம் சொல்லிட்டு விலகறது சராசரி ஆட்டக்காரங்க பண்ற காரியமில்லை. அவங்க ஒரு நாள் சத்தம் போடாம காணாமப் போயிடுவாங்க. புள்ளிவிவரம் அப்படித்தான் சொல்லுது."

தங்கை ஏதாவது பலமாகச் சொல்ல நினைத்தாள். ஆனால் பையை எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் வெளியே வந்தாள். பின்னால் அதிகாரி அம்மாள் எதையோ தட்டச்சு செய்து குறித்துக்கொள்வது கேட்டது.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அக்கா கூப்பிட்டாள்.

"போனாப் போகுது விடுடி. ஒரு விளையாட்டுதானே."

"அக்கா, அந்த ஞாயித்துக்கிழமை உன்னை நான் ஜெயிச்சேனே..."

"விடுன்னு சொல்றேன்ல."

"அது நானில்லைக்கா. அவங்க போட்ட பிச்சை. நான் பஸ்ஸுல போறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "சீ, அழாதே. அது அவங்க இல்லடி. சத்தியமா அவங்க இல்ல. அன்னைக்கு நான்தான் விட்டுக்குடுத்தேன். சுவர் மேல வில்லைக் கீழ போட்டுட்டு சும்மாதான் நின்னேன். நீ கண்ணை மூடிக்கிட்டிருந்தே போல, கவனிக்கலை."

ஆறுதல் சொல்லிவிட்டதாக அக்கா நினைத்தாள். தங்கைக்கு அழுகை பட்டென்று நின்றுவிட்டது.

"நீயுமா?"

"என்னடி நீயுமா? அவ்வளவு ஆசையா ஓடி வந்தே. பார்க்கப் பாவமா இருந்துச்சு."

"பாவமா? அந்த ஆணையத்துல இத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தர்கூட என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லலைக்கா. அப்புறம் எதுக்கு அப்படிக் கத்தினே? என் தங்கச்சிடான்னு? அதுவும் பொய்தானா?"

"அது பொய்யில்லடி..."

"எனக்கு ஜெயிக்கவே வேண்டாம். யார்கிட்டக் கேட்டேன்? உருப்படியா ஒரு தோல்வியாவது எனக்குன்னு இருந்துச்சு. அதையும் ஆளாளுக்குச் சேர்ந்து பிடுங்கிட்டீங்களே!"

நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா பக்கத்திலிருந்து கிரேன்களின் சத்தமும் ஏதோ ஒரு கப்பலின் ஊதலும் கேட்டன. அக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"தப்புதான். இனிமே விட்டுக்குடுக்க மாட்டேன்டி. ஓட ஓட விரட்டி அகழியில தள்ளுறேன். போதுமா?"

"எங்க தள்ளுவே? உன்னைத்தான் துரத்திட்டாங்களே."

அக்கா பக்கத்திலிருந்து மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் அவளைப் பார்த்தார், கொஞ்சம் காத்திருந்தார், கதவை மூடிக்கொண்டு போய்விட்டார். தங்கை போனைக் காதில் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.